வாக்கு இயந்திரப் பொறியாளர் சுஜாதா: குரோம்பேட்டையில் தொடங்கிய பயணமும், சில்லுக்குள் ஒளிந்திருக்கும் ‘பவர் சப்ளை நாய்ஸ்’ சிக்கலும்

கணேஷ்-வசந்த் கதைகளைப் படித்தவர்களுக்கு சுஜாதா ஓர் எழுத்தாளர். ‘இந்தியன்’, ‘முதல்வன்’, ‘எந்திரன்’ பார்த்தவர்களுக்கு அவர் ஒரு வசனகர்த்தா. ஆனால் மாதச் சம்பளம் வாங்கிய வேலையைக் கேட்டால், எஸ். ரங்கராஜன் என்ற அந்த மனிதர் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். வாக்குச்சாவடியில் நாம் பட்டன் அழுத்தி ஓட்டுப் போடும் மின்னணு இயந்திரத்தை பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கியபோது, அந்தப் பணியை மேற்பார்த்தவர் அவர்.

ஒரு சின்ன சில்லு. அதற்கு கரண்ட் கொடுக்கும் ஒரு பேட்டரி. இவ்வளவுதான் அந்த இயந்திரத்தின் அடிப்படை. ஆனால் பேட்டரியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு கணம் ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி இன்று செல்போன் முதல் செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் வரை எல்லாச் சில்லுகளையும் துரத்துகிறது. பொறியாளர்கள் இதை ‘பவர் சப்ளை நாய்ஸ்’ என்கிறார்கள். தமிழில் சொன்னால் மின்வழங்கல் இரைச்சல்.

சுஜாதாவின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

ஸ்ரீரங்கத்துப் பையன், குரோம்பேட்டை மாணவர்

1935 மே 3-ம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தவர் ரங்கராஜன். அப்பாவுக்கு அடிக்கடி இடமாற்றம் வரும் வேலை. அதனால் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். அந்த ஊரின் தெருக்களும் மனிதர்களும் பின்னாளில் அவருடைய கதைகளில் வரிசையாக வந்தார்கள்.

பள்ளிப் படிப்புக்குப் பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல். அதே கல்லூரியில் அதே காலத்தில் இயற்பியல் படித்த இன்னொரு மாணவர், ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம். பட்டம் வாங்கியதும் இருவரும் வந்து சேர்ந்த இடமும் ஒன்றுதான்: குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. சுருக்கமாக எம்.ஐ.டி. கலாம் விமானப் பொறியியல் எடுத்தார். ரங்கராஜன் எலக்ட்ரானிக்ஸ்.

வீட்டை விற்று ஒரு கல்லூரி

அந்தக் கல்லூரிக்கே ஒரு கதை உண்டு. அதைத் தொடங்கியவர் சி. ராஜம் என்ற தொழிலதிபர். நாடு சுதந்திரம் அடைந்த இரண்டே ஆண்டுகளில், 1949-ல், தன் சொந்த வீடான ‘இந்தியா ஹவுஸ்’ஸை விற்று, அதில் வந்த பணத்தை முதலாகப் போட்டு எம்.ஐ.டி-யை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

சிவில், மெக்கானிக்கல் என்று ஏற்கெனவே இருந்த பாடங்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. விமானப் பொறியியல், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அன்றைய இந்தியாவுக்குப் புத்தம் புதிய துறைகளைக் கொண்டுவந்தார். அறிவியல் பட்டம் முடித்தவர்கள் மூன்று ஆண்டுகள் படித்துப் பொறியாளர் ஆகலாம். ரங்கராஜன் போன்ற இயற்பியல் பட்டதாரிகளுக்குக் கதவு திறந்தது இப்படித்தான்.

காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது 1947 டிசம்பரில். குரோம்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு தொடங்கியது 1949-ல். இடைவெளி இரண்டு ஆண்டுகூட இல்லை. ரங்கராஜன் எம்.ஐ.டி-யில் சேர்ந்த காலத்தில், இன்று நாம் ‘சிப்’ என்று சொல்லும் பொருளே உலகில் இல்லை. ஜாக் கில்பி முதல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டியது 1958 செப்டம்பரில்தான்.

அப்போ வால்வு ரேடியோதானா?

ஆமாம். 1950களின் எலக்ட்ரானிக்ஸ் என்றால் பெரும்பாலும் கண்ணாடி வால்வுகள். அந்தக் கால ரேடியோவை ஆன் செய்தால், பாட்டு வருவதற்கு முன்னாலேயே அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதை நேர்மின்சாரமாக மாற்றினாலும் முழுசாக வழவழப்பாக வராது. மிச்சம் இருக்கும் அலைதான் ஸ்பீக்கரில் முனகலாகக் கேட்கும். அதைக் குறைக்க ரேடியோவுக்குள் பெரிய கெப்பாசிட்டர்களை வைப்பார்கள்.

பவர் சப்ளை நாய்ஸின் பழைய முகம் இதுதான். ரேடியோவில் அது காதுக்குக் கேட்டது. கேட்டால் பழுது பார்க்கலாம். சில்லுக்குள் போன பிறகு அது காதுக்கும் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கணக்கைத் தப்பாக்கும்.

டெல்லி, பிறகு பெங்களூரு

படிப்பு முடிந்ததும் ரங்கராஜன் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்தார். டெல்லியில் வேலை. அந்த நாட்களில்தான் எழுத்து தீவிரமானது. 1962-ல் குமுதத்தில் அவருடைய கதை வந்தது. அதே பத்திரிகையில் ரா.கி. ரங்கராஜன் என்று ஏற்கெனவே ஓர் எழுத்தாளர் இருந்ததால் பெயர்க் குழப்பம். அதைத் தவிர்க்க மனைவி சுஜாதாவின் பெயரையே புனைபெயராக எடுத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

பிறகு பெங்களூரு. 1954-ல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ், ராணுவத்துக்கும் அரசுக்கும் மின்னணுக் கருவிகள் செய்யும் பொதுத்துறை நிறுவனம். 1971-ல் அங்கே ஐ.சி. எனப்படும் ஒருங்கிணைந்த மின்சுற்றுகள் தயாரிக்கும் வசதியும் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் இன்டெல் நிறுவனம் 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட முதல் மைக்ரோபிராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகம் வால்விலிருந்து சில்லுக்கு மாறிய அந்தக் காலத்தில், அந்த மாற்றத்தை வேலையிடத்திலேயே பார்த்தவர் சுஜாதா. பகலில் ஆலை, ராத்திரியில் எழுத்து.

வாக்கு இயந்திரத்தில் என்ன சவால்?

1980களின் இந்தியாவை நினைத்துப் பாருங்கள். பல கிராமங்களில் கரண்ட் கிடையாது. இருந்த ஊர்களிலும் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கெல்லாம் வாக்குச்சாவடி அமைக்க வேண்டும். அதனால் வாக்கு இயந்திரத்தைச் சுவரில் உள்ள பிளக்கை நம்பாமல் பேட்டரியில் ஓடும்படி வடிவமைத்தார்கள்.

இயந்திரத்துக்கு இரண்டு பாகம். அதிகாரியின் மேஜையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, மறைப்புக்குள் வாக்காளர் முன்னால் இருக்கும் வாக்களிப்புக் கருவி. இரண்டையும் 5 மீட்டர் கேபிள் இணைக்கிறது. வாக்காளர் பட்டனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், ‘பீப்’ சத்தம் வரும், ஓட்டு நினைவகத்தில் பதிவாகும். கருவியை அணைத்தாலும் அந்தப் பதிவு அழியக் கூடாது.

பேட்டரியில் ஓடும் எந்தக் கருவிக்கும் சிக்கல் இந்த இடத்தில்தான். விளக்கும் பீப்பும் திடீரென்று கூடுதல் கரண்ட் இழுக்கும். பேட்டரிக்குள்ளும் ஒரு மின்தடை உண்டு. பேட்டரி பழசாக ஆக அது அதிகமாகும். கூடுதல் கரண்ட் போகும்போது அந்தத் தடையில் கொஞ்சம் வோல்ட் காணாமல் போகும். அதே விநாடியில் சில்லு நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். வோல்ட் ஓர் எல்லைக்குக் கீழே போனால், ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில் சில்லு என்ன எழுதும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதனால்தான் இந்த மாதிரிக் கருவிகளில் வோல்ட்டைக் கண்காணிக்க ஒரு தனிச் சுற்று வைப்பது வழக்கம். மின்னழுத்தம் குறைந்தால் வேலையைத் தப்பாகச் செய்வதைவிட, செய்யாமல் நின்றுவிடு என்று அது சில்லுக்குக் கட்டளை கொடுக்கும்.

ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு?

கேரளாவின் பரவூர் தொகுதி இதற்கு நல்ல உதாரணம். 1982 மே மாதம் அங்கே 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக மின்னணு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. சிவன் பிள்ளை 123 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். இயந்திரத்தைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 50 சாவடிகளிலும் மீண்டும் வாக்குச்சீட்டில் தேர்தல் நடந்தது. இந்த முறை ஜெயித்தவர் ஜோஸ்.

அந்த வழக்கு சட்டம் பற்றியது. இயந்திரம் தப்பாக எண்ணியதாக நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. ஆனாலும் 123 என்ற எண், ஒவ்வொரு பதிவும் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டிவிட்டது.

1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, 1989 மார்ச்சில் அமலுக்கு வந்தது. 1989-90-ல் இயந்திரங்கள் பெருமளவில் தயாராயின. ஆனால் அவை களம் இறங்க 1998 நவம்பர் ஆனது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் முதலில் வந்தன. 2001-ல் தமிழ்நாடு முழுக்க. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 543 தொகுதிகளிலும்.

தயாரித்து முடித்த ஒரு கருவி எட்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது. அதற்குள் சுஜாதா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பிவிட்டார்.

சரி, பவர் சப்ளை நாய்ஸ்னா என்ன?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்துல குழாயைத் திறக்கிறார்கள். தண்ணீரின் வேகம் குறைகிறது. கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாக வருகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கு. ஆனால் குழாய் தாங்கவில்லை.

சில்லுக்குள்ளும் இதே கதை. பல கோடி டிரான்சிஸ்டர்கள் ஒரே கணத்தில் வேலை செய்யத் தொடங்கும்போது எல்லாமே கரண்ட் கேட்கின்றன. கரண்ட் வரும் கம்பி, ஒரு தலைமுடியைவிட மெல்லிய உலோகப் பாதை. அதன் மின்தடையில் வோல்ட் குறைகிறது. இது முதல் வகை. ஓம் விதிப்படி மின்னோட்டமும் மின்தடையும் பெருக்கினால் எவ்வளவு வோல்ட் போகும் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை கொஞ்சம் தந்திரமானது. கரண்ட் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ கம்பி அதை எதிர்க்கும். இதற்குத் தூண்டம் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் மெல்லிய கம்பிக்குச் சுமார் ஒரு நானோஹென்றி தூண்டம் இருக்கும். அதன் வழியே ஒரு நானோ விநாடியில் ஒரு ஆம்பியர் கரண்ட் கூடினால், ஒரு வோல்ட் காலி. சில்லுக்கே மொத்தம் ஒரு வோல்ட்தான் கொடுக்கிறோம் என்றால்? அங்கேயே கதை முடிந்தது.

ரயில் கற்றுத்தரும் பாடம்

எம்.ஐ.டி-யை ஒட்டி ஓடும் கடற்கரை-தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஆரம்பத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். ஒரு ரயில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது அதிகக் கரண்ட் இழுக்கும். துணை மின்நிலையத்திலிருந்து தள்ளிப் போகப் போக மேல் கம்பியில் வோல்ட் குறையும். பின்னாளில் இந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. வோல்ட் அதிகமானால், அதே சக்திக்குக் குறைந்த கரண்ட் போதும். கரண்ட் குறைந்தால் கம்பியில் இழப்பும் குறையும்.

சில்லு வடிவமைப்பில் இதற்கு நேர் எதிராகப் போக வேண்டிய கட்டாயம். டிரான்சிஸ்டர் சின்னதாக ஆக ஆக, அது தாங்கும் வோல்ட்டும் குறைகிறது. 1970களில் 5 வோல்ட். இன்று சுமார் 0.8 வோல்ட். 100 வாட் சக்தி தேவைப்படும் ஒரு பெரிய பிராசஸர் 0.8 வோல்ட்டில் ஓடினால், அதற்கு 125 ஆம்பியர் கரண்ட் வேண்டும். வீட்டில் பதினைந்துக்கும் மேற்பட்ட 1.5 டன் ஏசிகளை ஒன்றாகப் போட்டால் இழுக்கும் கரண்ட் அது. விரல் நகம் அளவு சில்லுக்குள்!

அந்தப் பாதையில் ஒரு ஓம்மின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.125 வோல்ட் போய்விடும். அதாவது மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல். பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரைதான் சில்லு பொறுத்துக்கொள்ளும்.

வோல்ட் குறைஞ்சா என்ன ஆகும்?

டிரான்சிஸ்டர் நின்றுவிடாது. மெதுவாகும். அதுதான் ஆபத்து.

3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரில் ஒரு கணக்கை முடிக்கக் கிடைக்கும் நேரம், ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. வெளிச்சமே அந்த நேரத்தில் 10 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் விடை தயாராகவில்லை என்றால், சில்லு பழைய விடையை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். போன் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவது, கணினி உறைந்து நிற்பது போன்ற கோளாறுகளுக்குப் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு பாதிப்பும் உண்டு. ஒரே சில்லில் டிஜிட்டல் பகுதியும், ரேடியோ சிக்னல் வாங்கும் அனலாக் பகுதியும் இருக்கும். டிஜிட்டல் பகுதி கிளப்பும் மின் இரைச்சல், பக்கத்தில் உள்ள நுட்பமான பகுதிக்குள் புகுந்து சிக்னலைக் கெடுக்கும். பழைய ரேடியோவின் முனகல் மாதிரியேதான்.

முன்கூட்டியே எப்படிக் கணிக்கிறார்கள்?

சில்லைத் தயாரித்த பிறகு உள்ளே கையை விட்டுத் திருத்த முடியாது. அதனால் வரைபடக் கட்டத்திலேயே இரைச்சலைக் கணித்துவிட வேண்டும்.

முதல் படி, சில்லுக்குள் கரண்ட் போகும் வலைப்பின்னலை லட்சக்கணக்கான, சில சமயம் கோடிக்கணக்கான சின்னச் சின்ன மின்தடைகளாகக் கணினியில் எழுதுவது. எந்த மூலைக்குச் சராசரியாக எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று போட்டால், எந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று ஒரு வண்ண வரைபடம் கிடைக்கும். சிவப்பாக இருக்கும் இடங்களில் சிக்கல். இது நிலையான கணிப்பு.

இரண்டாவது படி இன்னும் கடினம். நொடிக்கு நொடி கரண்ட் மாறுவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லா டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் மாறாது. எது எப்போது மாறும் என்பது, பயனர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. வீடியோ பார்ப்பதும் மெசேஜ் படிப்பதும் ஒன்றல்ல. சில பொறியாளர்கள் உண்மையான வேலைகளை ஓட்டிப் பார்த்துக் கணக்கிடுவார்கள். சிலர் நிகழ்தகவை வைத்து மோசமான நிலைமையை மதிப்பிடுவார்கள்.

இதில் இரண்டு பக்கமும் இடி. இரைச்சலைக் குறைவாக மதிப்பிட்டால் சில்லு தோற்கும். தயாரிப்புக்குப் போட்ட பணம் போச்சு. அதிகமாக மதிப்பிட்டால், தேவையில்லாமல் கம்பியை அகலமாக்கி, இடத்தையும் மின்சாரத்தையும் வீணாக்க வேண்டும். மாடி வீட்டுக்குக் குழாய் போடும் மேஸ்திரிக்கும் இதே தலைவலிதான். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறப்பார்களா, மாட்டார்களா?

குறைக்க என்ன வழி?

மறுபடியும் அடுக்குமாடித் தண்ணீருக்கு வருவோம். லாரித் தண்ணீர் வர நேரமாகும். அதனால் கீழே சம்ப். மேலே மொட்டைமாடித் தொட்டி. குளியலறையில் ஒரு வாளி. அவசரத்துக்கு உதவுவது அந்த வாளிதான். சின்னது, ஆனால் கைக்கெட்டும் தூரம்.

சில்லிலும் அப்படியே. பேட்டரி லாரி மாதிரி. சர்க்யூட் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் சம்ப். சில்லின் உறைக்குள் இருப்பது மாடித் தொட்டி. சில்லுக்குள்ளேயே டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் பொதிந்து வைத்த குட்டிக் கெப்பாசிட்டர்கள் வாளிகள். திடீர்த் தேவையை முதலில் சமாளிப்பது அந்த வாளிகள். பிறகு பெரிய தொட்டிகள் அவற்றை நிரப்பும்.

வேறு வழிகளும் உண்டு:

• கரண்ட் போகும் உலோகப் பாதைகளை மேல் அடுக்குகளில் அகலமாக்கி, வலை மாதிரிப் பின்னுவது. ஒரு பாதை நெரிசலானால் இன்னொன்று உதவும்.

• சில்லின் ஓரத்தில் மட்டும் இணைப்பு வைக்காமல், பரப்பு முழுக்க நூற்றுக்கணக்கான இணைப்புப் புள்ளிகள் வைப்பது. ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரே படிக்கட்டுக்குப் பதில் பல வாசல் வைப்பது போல.

• எல்லாப் பகுதிகளையும் ஒரே கணத்தில் எழுப்பாமல், சிறு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எழுப்புவது.

• அனலாக் பகுதிக்குத் தனி மின்வழியும் தனி ரெகுலேட்டரும் கொடுப்பது.

• வோல்ட் குறைவதை உணர்ந்து, அந்தக் கணம் மட்டும் சில்லின் வேகத்தைத் தானாகக் குறைப்பது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கெப்பாசிட்டரும் கம்பியின் தூண்டமும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கும். சரியான தாளத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போவது போல, சில்லின் வேலை அந்தத் தாளத்தில் விழுந்தால் இரைச்சல் பெருகும். அதனால் கெப்பாசிட்டரைக் கண்டபடி சேர்த்தாலும் ஆபத்து. அளவு பார்த்துத்தான் போட வேண்டும்.

சில்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்

இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் பேச முடியும் என்று பெரிய வாசகர் கூட்டத்தை நம்பவைத்தவர்களில் சுஜாதா முக்கியமானவர். ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று ஒரு புத்தகமே எழுதினார். ஜூனியர் விகடனில் வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று புத்தகமாயின. ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாய் வீட்டுப் பிள்ளை ஆனது. வார இதழ் படிக்கும் அம்மாக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கணினி, சில்லு, நினைவகம் என்ற சொற்களைப் பயமில்லாமல் பழகிக்கொண்டார்கள்.

ஊடகங்கள் வழியாக அறிவியலைப் பரப்பியதற்காக 1993-ல் மத்திய அரசின் விருது கிடைத்தது. வாக்கு இயந்திரப் பணிக்காக வாஸ்விக் விருதும் பெற்றார். மாநில அரசின் கலைமாமணி விருதும் வந்தது.

ஓய்வுக்குப் பிறகு சினிமா இன்னும் நெருக்கமானது. ‘எந்திரன்’ திரைக்கு வந்தது 2010-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27-ம் தேதி, 72 வயதில், சென்னையில் காலமானார். ஆனால் தன் நிறுவனம் செய்த வாக்கு இயந்திரத்தில் நாடே ஓட்டுப் போட்ட 2004 தேர்தலை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இன்று இந்தப் பாடம் எங்கே நிற்கிறது?

ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி, 1978-ல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகி, அதே குரோம்பேட்டை வளாகத்தில் இன்றும் நடக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஐ.ஐ.டி மெட்ராஸில் ‘சக்தி’ என்ற பிராசஸர் வடிவமைக்கப்பட்டது. 2018-ல் அதன் ஒரு வடிவம் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. இன்னொன்று சண்டிகர் அருகே மொஹாலியில் உள்ள அரசு ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் வந்தது. 180 நானோமீட்டர் சில்லு பொதுவாக 1.8 வோல்ட்டில் ஓடும். நானோமீட்டர் குறையக் குறைய வோல்ட்டும் குறையும். இரைச்சலுக்கு விடும் இடமும் குறையும்.

இன்றைய செல்போன் சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேல் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் தடுமாறாத மின்னழுத்தம் வேண்டும். 0.8 வோல்ட்டில் 5 சதவீதம் என்றால் 0.04 வோல்ட். ஒரு சாதாரண டார்ச் பேட்டரி தரும் 1.5 வோல்ட்டில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் நம்ம போனும், வங்கிக் கணக்கும், தேர்தல் முடிவைத் தேடும் தேடலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த இடைவெளியைக் காப்பாற்றும் பொறியாளர்களின் பெயர் எந்தத் திரையிலும் வராது. சுஜாதாவும் எழுதாமல் இருந்திருந்தால், பட்டனை அழுத்தி ‘பீப்’ கேட்டு வெளியே வரும் நமக்கு எஸ். ரங்கராஜன் என்ற பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.